கூவினால் பதில் தர வேண்டும்

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் நான் செய்யும் முதல் காரியம் போனைத் திறந்து அந்தப் பச்சை அம்புக்குறியைப் பார்ப்பதுதான். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் செயலி அது. என் மகன் கப்பலேறப் புறப்பட்ட அன்று இறக்கிக் கொடுத்தான். முதல் மாதங்களில் அம்பு ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே போய் வட்டமாக மாறிவிட்டது. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலை அந்தச் செயலி வட்டமாகத்தான் காட்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என்னக்கா, கப்பலு நகண்டுச்சா?" என்று பின்னாலிருந்து கேட்பார்கள். விடியுமுன் போடியிலிருந்து மலை ஏறும் ஜீப்புகளில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க வரும் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

"இல்லடி."

"நம்ம ஜீப்பு மாதிரி எறங்கித் தள்ளுனாத்தான் நகரும் போல."

"நீ ஒரு பக்கமா நின்னு தள்ளிராத. கப்பலு கவுந்துரும்."

சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் போனைத் தொடுவேன். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வரும், போகும். வட்டம் அங்கேயேதான் இருக்கும்.

அவன் அந்தக் கப்பலில் மூன்றாவது இன்ஜினியர். நான் கணிதம் படித்தவள், பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தவள். என் கணவருக்குப் போடியில் மோட்டார் பம்பு கடை. எங்கள் இரு வீட்டிலும் கடலைப் பார்த்துப் பிழைத்தவர் எவரும் இல்லை. அதனால் அவன் போனில் சொன்னதெல்லாம் எங்களுக்குப் புதிது. இன்ஜின் அறையில் பாய்லர் சூட்டில் நின்றுவிட்டு மேலே வந்தால் வெயில்கூட குளிர்ச்சியாக இருக்குமாம். பிலிப்பைன்ஸ்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்ற ஒன்றுதான் அன்று ஞாயிறு என்று ஞாபகப்படுத்துமாம். நான் கொடுத்தனுப்பிய ஏலக்காயைச் சமையல்காரர் டீயில் தட்டிப் போட, உக்ரைன்காரச் சீஃப் இன்ஜினியர் அது இல்லாமல் டீயே குடிப்பதில்லையாம்.

கப்பல் நின்ற பிறகு பேச்சு மாறியது. சரக்கு இறக்குவதில் ஏதோ வழக்கு, கப்பல் நகரக் கூடாது என்று உத்தரவு. மாற்று ஆள் வராமல் இறங்க முடியாது. தீபாவளிக்கு வருவான் என்றோம். பொங்கலுக்கு என்றோம். அங்கே காய்கறி தீர்ந்து, அரிசியும் டின் மீனும்தான் மிச்சம். டீசலை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்திவிட்டார்கள். குளிக்கும் தண்ணீருக்கு நேரம் வைத்தார்கள். கப்பலை ஓட்டும்போது ஒற்றுமையாக இருந்தவர்கள், நின்ற கப்பலில் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்கப் பிடிக்காமல் ஆனார்கள். மெஸ்ஸில் மின்விசிறிக்கு நேராக இருக்கும் நாற்காலி யாருக்கு என்ற சண்டையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு "ம்" மட்டும்தான். சாப்பிட்டியா? ம். தூங்குனியா? ம். கடைசியில் அதுவும் குறைந்து, நான் அனுப்பும் செய்திகளுக்கு படித்துவிட்டான் என்று காட்டும் நீலக் கோடு மட்டும் விழும். ஆள் சேர்த்துவிட்ட அலுவலகத்துக்கு என் கணவர் தினமும் போன் போடுவார். "பிராசஸ்ல இருக்கு சார்" என்று ஒரு பெண் தினமும் அதே குரலில் சொல்லுவாள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம். காய்ச்சரமோ மண்ணோடு கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்துச் செடியில் இருப்பவள்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாள். யானை வரும், காட்டுமாடு வரும், சரிவில் கால் வழுக்கும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருத்தி "ஓஓய்" என்று கூவுவாள். ஒவ்வொருத்தியும் இருக்கும் இடத்திலிருந்து பதிலுக்குக் கூவ வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மலையில் அது ஆகாது என்பார்கள். ஒரு பதில் குறைந்தாலும் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட வேண்டும். அவள் கூவும்வரை ஒரு காய்கூடப் பறிக்கக் கூடாது. ஒருமுறை அப்படி ஒரு பதில் வராமல், செடி செடியாகத் தேடினோம். அவள் ஒரு பாறைக்குப் பின்னால் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தாள். "வாய் நெறைய வெத்தல, எப்புடிக்கா கூவ?" என்றாள் துப்பிவிட்டு. அன்று அவள் வாங்கிய வசவு கொஞ்சமல்ல.

பள்ளி விடுமுறைகளில் என் மகனும் மேலே வருவான். எல்லோரையும்விட அவன் பதில்தான் சத்தமாக வரும்.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல். போடிமெட்டுக்கு மேலே எங்கள் சரிவில், சிக்னல் கிடைக்கும் ஒரே வளைவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஏமாற்று அழைப்பு என்று துண்டித்தேன். மறுபடியும் வந்தது.

"யம்மா, வச்சிராதிய. நான் உங்க பையன் கப்பல்ல சமையக்காரன் பேசுதேன். தூத்துக்குடி பக்கம்."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவருக்கு ஒண்ணுமில்ல, பதறாதிய. நம்பர் எப்படின்னு கேக்கீயளா? ஏலக்கா பையில பெரிசா எழுதிருந்துச்சு."

காய் உலர்த்தும் ஸ்டோரில் பல தோட்டத்துக் காய்கள் ஒன்றாகக் குவியும். கலந்துவிடாமல் இருக்க அவரவர் பையில் அவரவர் போன் நம்பரை எழுதுவோம். மகனுக்குக் கொடுத்தனுப்பிய பையிலும், கை பழக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

"மெஸ்ஸுக்கு வாரதில்ல. வேலைக்கு வாராரு, முடிச்சுட்டு நேரே ரூமுக்குப் போயி பூட்டிக்கிடுதாரு. தட்ட வாசல்ல வச்சா பாதி அப்படியே கெடக்கு. யாருட்டயும் பேச்சு இல்ல. முன்ன ஒரு கப்பல்ல இப்படித்தான் ஒருத்தன்... காலைல பாத்தா கப்பல் ஓரத்துக் கம்பிக்குப் பக்கத்துல செருப்பு மட்டும் கெடந்துச்சு." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "ஐயோ, நான் ஒரு கிறுக்கன். அத மனசுல வைக்காதிய. நான் சொன்னேன்னு அவருட்ட சொல்லிராதிய."

கீழே சரிவில் பெண்கள் கூவினார்கள். "ஓஓய்." வரிசையாகப் பதில்கள் வந்தன. கடைசியாக என்னுடையது வர வேண்டும். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தக் கல்லிலேயே இருந்தேன். மறுபடி கூவினார்கள். பிறகு செடிகள் சலசலக்க, கையில் கூடையோடு ஒவ்வொருத்தியாக மேலேறி ஓடி வந்தார்கள்.

"அது என்னம்மா சத்தம்?" என்றார் சமையல்காரர்.

அவருக்குச் சொன்னேன். கூவுவது, பதில் சொல்வது, ஒருவர் சொல்லாவிட்டால் மற்றவர்கள் வேலையை நிறுத்துவது. அவன் சிறு வயதில் இங்கே கூவியது. "சரி பாப்போம்" என்று அவர் வைத்துவிட்டார்.

அந்த இரண்டு நாட்களும் நான் வீட்டில் எங்கே செருப்பைக் கண்டாலும் எடுத்து உள்ளே வைத்தேன். கணவரிடம் சமையல்காரர் பேசியதைச் சொன்னேன், செருப்பைச் சொல்லவில்லை. அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, என்னோடு உட்கார்ந்து வட்டத்தைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அதே வளைவில் போன் வந்தது. எடுத்ததும் சமையல்காரர் சிரித்தார்.

"யம்மா, நேத்து மத்தியானம் சோத்த மேசைல வச்சிட்டு யாரும் கை வைக்கக் கூடாதுன்னுட்டேன். மூணாவது சாரு பதில் சொன்னாத்தான் சாப்பாடு. அவரு ரூம் வாசல்ல நின்னு ஓய்ன்னு கூவுனேன். சத்தமே இல்ல. பிலிப்பைன்ஸ்காரன் ஒருத்தன் அவன் பங்குக்கு ஊளையிட்டான். மேல இருந்து ரெண்டாவது ஆபீசர் தீயணைக்கிற சிலிண்டரத் தூக்கிட்டு ஓடியாராரு, எங்கயோ தீன்னு. மீன் ஆறிப் போச்சு. நாற்காலிச் சண்டக்காரன் ரெண்டு பேரும் பசில ஒண்ணா சேந்து என்னத் திட்டுதானுவ. நாங்க அசையல."

"அப்புறம்?"

"உள்ள இருந்து ஒரு சத்தம். சின்னதா. ஓய்ன்னு."

எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்றிருந்த வெற்றிலைக்காரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இன்னும் நல்லா சத்தமா கூவச் சொல்லுங்கண்ணே, இது பத்தாது" என்றாள்.

அவன் அன்று சாப்பிட மெஸ்ஸுக்கு வரவில்லையாம். மறுநாளும் வரவில்லை. பதில் மட்டும் வந்தது. அதற்கு அடுத்து ஒரு நாள் கதவைத் திறந்து, "எதுக்கு இந்தக் கூத்து, சாப்பிட்டுத் தொலைங்க" என்று கத்தினானாம். கத்திவிட்டு வந்து உட்கார்ந்தானாம். பிறகு அது கப்பலின் வழக்கமாகவே ஆகிவிட்டது. மேசைக்கு வராதவர் யாராக இருந்தாலும் கூவுவார்கள், பதில் வரும்வரை காத்திருப்பார்கள். ஒரு நாள் சீஃப் இன்ஜினியர் தூங்கிப்போய், மொத்தக் கப்பலும் பட்டினியாக நின்றதாம்.

வழக்கு எப்படியோ முடிந்து, மாற்று ஆட்கள் வந்து, சித்திரைக் கடைசியில் அவன் வீடு வந்து சேர்ந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வந்த மறுநாள் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"நீதான அவருக்குச் சொல்லிக் குடுத்த?"

நான் குழம்பை ஊற்றினேன்.

"பசிச்ச மனுசங்கள நிறுத்தி வைக்கிறது பாவம்மா. அதுக்காகத்தான் பதில் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

"சரி அப்பு" என்றேன். செருப்பைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இப்போது மாடி அறையில் தூங்குகிறான். கதவைச் சாத்திக்கொள்கிறான். அடுத்த கப்பலுக்குப் போவதா, மதுரையில் வேலை தேடுவதா என்று அவனும் அவன் அப்பாவும் பேசுகிறார்கள். சில நாள் சத்தம் போட்டு, சில நாள் பேசாமலே. நான் அந்தச் செயலியை இன்னும் அழிக்கவில்லை. அவன் இல்லாத அந்தக் கப்பல் இப்போது எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்று ஆள் இன்னும் வராத சமையல்காரர் அதில் இருக்கிறார்.

இன்று காலையும் ஜீப்பு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. "அக்கா, வெரசா வாங்க, பனி எறங்குது" என்றார் டிரைவர். நான் படிக்கட்டின் அடியில் கூடையோடு நின்று மேலே பார்த்தேன்.

"ஓய்" என்றேன்.

பதில் இல்லை. டிரைவர் மறுபடி அடித்தார். ஜீப்புக்குள்ளிருந்து ஒருத்தி, "இருங்கண்ணே, அக்காவுக்கு அங்க சோலி முடியல" என்றாள். ஜீப்பு காத்திருந்தது.

"ஓஓய்!"

மேலே கட்டில் முனகியது. "உசுரோடதாம்மா இருக்கேன். போ, சோலியப் பாரு. அவங்கள நிறுத்தி வைக்காத."

ஏறி உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டி முதல் வளைவு வருவதற்குள் கை போனுக்குப் போனது.