மெஷின் நின்றதும் கேட்ட பேச்சு

போன வருடம் கோடையில், திருப்பூர் முதலிபாளையத்தில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் சப்ளையர், கோழிப்பண்ணையில் லோடு ஏற்றுகிறவன் என்று பல ஊர் சுற்றிவிட்டு, அந்தக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு, பட்டினி கிடந்ததும் உண்டு. அதெல்லாம் பழகிவிட்டது. எந்த ஊரிலும் அதிக நாள் தங்காதவன் அங்கே தங்கினேன் என்றால், அதற்கு என் அறையில் கூட இருந்தவர்தான் காரணம். பீகார்க்காரர், முஸ்லிம். அதே கம்பெனியில் டெய்லர். திருப்பூரிலேயே பல வருடம் ஓட்டிவிட்டதால் உள்ளூர்க்காரர்களைவிட அதிகமாக 'ங்க' போட்டுப் பேசுவார். நான் சோறு வடிப்பேன், அவர் பருப்பு தாளிப்பார். கல்யாணமாகாத எனக்கு வீடு என்று ஒன்று இருந்தது அந்தக் காலத்தில்தான்.

அன்று காலையிலிருந்து எல்லோர் கையிலும் போன். முந்தின நாள் வடக்கே ஓர் ஊரில் தீவிரவாதிகள் சுட்டதில் நிறையப் பேர் செத்துப்போயிருந்தார்கள். பார்க்க முடியாத படங்களெல்லாம் ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. என் அறைக்காரர் காலையில் டீ குடிக்கக்கூட வெளியே வரவில்லை.

தையல் ஹாலுக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெஷின்கள் வரிசையாக ஓடும்போது பக்கத்து ஆளிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அப்படிக் கத்தினாலும் மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. அதனால் திட்டு, கிண்டல், காதல் எல்லாமே அங்கே சத்தமாகத்தான் நடக்கும். சத்தத்துக்குள் சொன்னது சத்தத்தோடு போய்விடும் என்று எல்லோருக்கும் ஒரு தைரியம்.

துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் ஒரு கோவில்பட்டிக்காரர் இருந்தார். அவருடைய தம்பி மிலிட்டரியில், அந்தச் சுட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் டியூட்டி. காலையிலிருந்து தம்பிக்கு போன் போகவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கும் அக்காவிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. ஹால் முழுக்க ஒரே நொடியில் அமைதி. அந்த அமைதியில் அவர் குரல் மட்டும் தனியாக வந்து விழுந்தது.

"இவனுவள ஒருத்தன் விடாம இங்கேருந்து வெரட்டணும்."

யாரைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருடைய தலையும் என் அறைக்காரர் பக்கம் திரும்பியது. அவர் தன் கத்தரியைத் துடைத்துப் பையில் போட்டார். உட்கார மெத்தென்று போட்டிருந்த தலையணையையும் எடுத்தார். கத்தரியும் தலையணையும் டெய்லரின் சொந்தச் சாமான். அதை எடுத்துக்கொண்டால் ஆள் திரும்பி வர மாட்டார் என்று அர்த்தம். பக்கத்து அறையில் இருந்த அவர் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் பயந்துபோய்க் காலையிலேயே ரயிலடிக்குப் போயிருந்தார்கள். இவரும் போய்விடுவார் என்று தோன்றியதும், கையிலிருந்த அட்டைப்பெட்டியோடு வாசலுக்கு நகர்ந்தேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஏனுங்க, கம்பெனிக்குள்ள அரசியல் பேசக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றதுங்க? வாய மூடிட்டு உக்காருங்க சாமி" என்றார். வழக்கமாக அதோடு எல்லாம் அடங்கிவிடும்.

கோவில்பட்டிக்காரர் அடங்கவில்லை. அவமானம் வேறு சேர்ந்துகொண்டது. "நான் என்ன இல்லாததையா சொல்லுதேன்" என்று இன்னும் பலமாகக் கத்தினார்.

என் அறைக்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தார். "அண்ணா, மெஷின் நின்னுருச்சுங்க. மெதுவாச் சொன்னாலே கேக்குதுங்க."

தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிள் பக்கம் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோருமே அந்த ஹாலில் கத்திக் கத்திப் பழகியவர்கள். அவ்வளவு மெதுவாக ஒருவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

என் அறைக்காரர் வாசலுக்கு வந்தார். வாசலில் நான் அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தேன். வழிவிடவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், "போறதுன்னா போங்க. ஆனா நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. ஒரே ரூம்ல இருக்கிற எனக்கே தெரியாதே" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க. எங்கயாச்சும் குண்டு வெடிச்சா, நான் மொதல்ல அழுது காமிக்கோணும். அப்பறந்தான் நிம்மதியா டீ குடிக்கலாம். உங்களுக்கெல்லாம் அந்த வேலை இல்லீங்க."

ஹாலைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார். "நான் என்ன நெனைக்கறேனா? சுட்டவன விடக் கூடாதுங்க. அவன அனுப்புனவன் எந்த நாட்டுல இருந்தாலும் போயி அடிக்கோணுங்க. சும்மா விட்டா அவன் இன்னொரு ஊர்லயும் சுடுவானுங்க."

பதில் கோவில்பட்டிக்காரரிடமிருந்து வந்தது. "அடிக்கணும்னு நீரு சுளுவாச் சொல்லுதீரு. அங்க போயி நிக்கப்போறது எந்தம்பிவே. சண்டையெல்லாம் வேண்டாம்வே."

ஹாலில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். செக்கிங் டேபிளில் இருந்த உள்ளூர் அக்கா கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தார். "இதென்னங்க கூத்து. வெரட்டோணும்னவரு சண்ட வேண்டாங்கறாரு. பையத் தூக்குனவரு சண்ட வேணுங்கறாரு. நாம யாரு பக்கமுங்க நிக்கிறது?"

சிரிப்பு வெடித்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்கவே முடியாதது. ஆளாளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அயர்ன் பண்ணுகிறவர், "இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் அரசாங்கத்தோட நிக்கணும், குறை சொல்லக் கூடாது" என்றார். செக்கிங் அக்கா, "கேள்வி கேட்டா ஒத்துமை கெட்டுப் போயிருமுங்களா? செத்தவங்க ஊட்டுல கேக்க மாட்டாங்களா?" என்றார். அயர்ன்காரர் யோசித்து, கேட்கலாம், ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்கலாம் என்று இறங்கி வந்தார். போர் வந்தால் நம் ஆர்டர் எல்லாம் நின்றுவிடும் என்றார் ஒருவர். உயிரைப் பற்றிப் பேசும்போது ஆர்டரைப் பேசுகிறாயே என்று அவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசருக்கும் பொறுக்கவில்லை. "அத்தன பேரு கூடற எடத்துல காவல் ஏன் இல்லீங்க? அதையில்ல மொதல்ல கேக்கோணும்" என்றார்.

"அண்ணா, கம்பெனிக்குள்ள அரசியல் பேசக் கூடாதுங்க" என்றார் செக்கிங் அக்கா. சூப்பர்வைசர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபேன் இல்லை. வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. ஒருவரும் நகரவில்லை. யார் என்ன சொல்லப்போகிறார் என்று முன்கூட்டித் தெரியாமல் ஒரு பேச்சைக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. என் அறைக்காரர் எப்போது பையைக் கீழே வைத்தார் என்றுகூட நான் கவனிக்கவில்லை. பார்த்தால், ஓவர்லாக் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு, பதிலடி ஏன் வேண்டும் என்று கோவில்பட்டிக்காரருக்கு விரல் நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை கோவில்பட்டிக்காரர் பொறுத்திருந்தார்.

அப்புறம் திடீரென்று எழுந்தார்.

"எல்லாரும் கேளுங்க. கரண்ட் வர்றதுக்குள்ள சொல்லிருதேன், அப்புறம் பக்கத்துல இருக்கவனுக்கு மட்டுந்தான் கேக்கும். நான் சொன்னது தப்பு. தம்பி போன் எடுக்கலைன்னு வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். அது உங்க அத்தன பேரு காதுலயும் விழுந்துச்சு. இதுவும் விழணும்." என் அறைக்காரர் பக்கம் திரும்பி, "ஆனா சண்டை வேண்டாம்னு சொன்னது சொன்னதுதாம்வே" என்றார்.

"வேணும்னு நான் சொன்னதும் சொன்னதுதானுங்க" என்றார் இவர்.

கரண்ட் வந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. ஆனால் யாருடைய காலும் உடனே பெடலுக்குப் போகவில்லை. பேச்சு பாதியில் நின்றுவிட்டதே என்று எல்லோர் முகத்திலும் ஒரு ஏமாற்றம். கடைசியில் சூப்பர்வைசரே தலையைச் சொறிந்துகொண்டு, "மிச்சத்த டீ டைம்ல வெச்சுக்கலாங்க" என்றார். என் அறைக்காரர் கத்தரியை எடுத்து மெஷின்மேல் வைத்ததை அப்போதுதான் பார்த்தேன். எனக்குப் போன உயிர் வந்தது.

கோவில்பட்டிக்காரரின் தம்பி மறுநாள் பேசினார், நன்றாக இருக்கிறாராம். கோவில்பட்டிக்காரரும் என் அறைக்காரரும் நான் அங்கிருந்து கிளம்பும்வரை சண்டை விஷயத்தில் ஒத்துப்போகவே இல்லை. தினமும் டீக்கடை பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பேசினார்கள்.

இப்போது நான் சாமளாபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் இருக்கிறேன். எங்காவது அப்படி ஒரு செய்தி வந்து சுற்றிலும் எல்லோரும் பேச ஆரம்பிக்கும்போது, வாய் திறக்காமல் இருப்பவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுவிடுகிறேன்; அவர் பதில் நான் நினைத்ததற்கு நேர்மாறாக வந்தால், அன்று போலவே இன்றும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.