படியேறி வந்த லட்சுமி

சில வருடங்களுக்கு முன்பு, சென்னையிலிருந்து டொரொண்டோ வந்து சேர்ந்த பிறகு நான் கும்பிட்ட முதல் வரலட்சுமி நோன்பு அது. வோபர்ன் பக்கம் ஓர் உயரமான கட்டடத்தில், பதினோராவது மாடியில் குடியிருந்தோம்.

எங்கள் வழக்கப்படி கலசத்தை அலங்கரித்து வாசலுக்கு வெளியே வைத்து, சாம்பிராணி போட்டு, ஆரத்தி எடுத்து, இரண்டு சுமங்கலிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அம்மனை உள்ளே அழைத்து வரவேண்டும். ஊரில் அம்மா ஒரு பக்கம், சித்தி மறுபக்கம். இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? கட்டடம் முழுக்க யாழ்ப்பாணத்துப் பெண்கள் உண்டுதான். ஆனால் லிஃப்டில் பார்த்துச் சிரிப்பதோடு சரி. முன்பின் பேசாதவர்களிடம் போய், கொஞ்சம் வந்து அம்மனைப் பிடியுங்கள் என்று எப்படிக் கேட்பது? கூச்சம் பிடுங்கித் தின்றது. என் கணவர் பெரிய மனதோடு, தானே ஒரு பக்கம் பிடிப்பதாகச் சொன்னார். நான் பார்த்த பார்வையில் தேங்காய் துருவப் போய்விட்டார்.

சரி, தனியாகவே அழைப்போம், அம்மன் கோபித்துக்கொள்ளவா போகிறாள் என்று துணிந்தேன். கொழுக்கட்டை, வடை, பாயசம் எல்லாம் தயார். வெள்ளி முகம் வைத்து, குட்டிப் பட்டுப்பாவாடை கட்டி, கலசத்தை வெளியே பலகையில் வைத்தேன். கண் பட்டுவிடும்போல இருந்தாள். தணலில் சாம்பிராணியைக் கஞ்சத்தனம் பார்க்காமல் போட்டேன்.

ஊரில் வாசல் என்றால் மேலே வானம். இங்கே வாசல் என்பது சன்னலே இல்லாத நீளமான நடைவழி. அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. புகை குபுகுபுவென்று எழுந்து கூரையில் இருந்த புகை கண்டுபிடிக்கும் கருவியைத் தொட்டதுதான் தாமதம், கட்டடம் முழுவதும் அபாய மணி அலற ஆரம்பித்தது.

கணவர் ஓடிவந்து தணலில் தண்ணீரைக் கொட்டி, விளக்கையும் அணைத்து, "கிளம்பு, அம்மனை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எப்படி விட்டுவிட்டுப் போவது? வா அம்மா வா என்று கூப்பிட்டவள் நான். வாசல்வரை வந்தவளை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓட மனம் வரவில்லை. அரிசி நிறைந்த செம்பு, நல்ல கனம். இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு பதினோரு மாடியும் இறங்கினேன்.

கீழே புல்வெளியில் மொத்தக் கட்டடமும் நின்றது. தலையில் துண்டு கட்டியவர், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டவர், பூனையோடு ஒருவர். தீயணைப்பு வண்டிகள் வேறு. எனக்கு மானம் போயிற்று. ஒளிந்துகொள்ளவும் வழியில்லை, கையில் கலசத்தோடு பளபளவென்று நிற்கிறேன். நானே அதிகாரியிடம் போய் என் சாம்பிராணிதான் காரணம் என்று சொன்னேன். அவர் என்னையும் அம்மனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இனிமேல் நடைவழியில் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். மேலே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போகலாம் என்றார்கள். லிஃப்ட் மட்டும் இப்போதைக்கு ஓடாதாம்.

மணியைப் பார்த்தேன். பத்தரை தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை, ராகுகாலம். முதல் நோன்பே பாழ். அப்படியே புல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்போதுதான் பட்டுச்சேலை கட்டி, அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் புறப்பட்டு நின்ற ஒரு பெண் பக்கத்தில் வந்தார். ஐந்தாவது மாடிக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

"பிள்ளை, உது வரலட்சுமியோ? ஏன் அழுறீர்?"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பத்தரைக்கு ராகுகாலம் எண்டு ஆர் சொன்னது? அது உங்கட ஊர்க் கணக்கு. இஞ்ச சூரியன் உதிக்கிற நேரத்துக்கு இண்டைக்குப் பதினொண்டரைக்குத்தான் தொடங்குது. எழும்பும், அதுக்கிடையில மேல ஏத்திப்போடலாம்."

தட்டை என் கணவர் கையில் திணித்துவிட்டு, கலசத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார் அந்த அக்கா. ஏறத் தொடங்கினோம். நாலாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்க, பின்னால் வந்த இன்னொருவர் "தாங்கோ அக்கா, நான் பிடிக்கிறன்" என்று வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கத்தையும் ஒருவர் பிடுங்கிக்கொண்டார். மாடிக்கு மாடி கை மாறியது. இங்கேயே பிறந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "நானும் ஹெல்ப் பண்ணலாமா அன்ரி? குளிச்சிட்டன்" என்றாள். ஆன்ட்டி என்றதுதான் சுருக்கென்றது. மற்றபடி சுமங்கலிக் கணக்கெல்லாம் ஏழாவது மாடியோடு போயிற்று. பதினோராவது மாடியில் என் பக்கத்து வீட்டு இலங்கை முஸ்லிம் பெண், கனமான படிக்கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், கடைசி ஆள் நுழையும்வரை.

வாசலில் மறுபடி அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜெயித்துவிட்டோம்! வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தோம். யாரோ தேவாரம் பாட ஆரம்பிக்க எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். லட்சுமி பூசைக்குத் தேவாரம் கேட்டது அன்றுதான், என்ன கம்பீரம்! அக்கா எனக்குச் சரடு கட்டினார், நான் அவருக்குக் கட்டினேன். கோயிலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "அவதானே இஞ்ச வந்திட்டா, இனி என்னத்துக்கு?" என்றார். கொழுக்கட்டை ஆளுக்குப் பாதிதான் வந்தது. என் கணவருக்கு அதுவும் இல்லை.

லிஃப்ட் நன்றாக ஓடும் இந்த நாட்களிலும், நோன்பன்று கீழ்வாசலிலிருந்து படியேற்றித்தான் அம்மனை அழைக்கிறோம். சாம்பிராணி மட்டும் பால்கனியோடு சரி.

அன்று வரம் கேட்கும் நேரம் வந்து கண்ணை மூடினேன். ரூஜ் பக்கம் ஒரு சொந்த வீடு கேட்கத்தான் இருந்தேன். எனக்குப் பின்னால் அத்தனை பெண்களும் படியேறிய களைப்பில் மூச்சு வாங்குவது கேட்டது. எதையும் கேட்கத் தோன்றாமல் கைகூப்பி நின்றேன். செல்வம் என்று யார் சொன்னாலும் இன்றைக்கும் என் காதில் முதலில் விழுவது அந்த மூச்சுச் சத்தம்தான்.