இழை பிரிந்த வின்ச் கம்பி

“ஏட்டி, வின்ச்சப் பத்தி ஒனக்கென்ன தெரியும்? தள்ளி நில்லு,” என்றார் எங்கள் ரப்பர் தோட்டத்து ஜீப் டிரைவர். பால் வெட்டும் குடும்பத்தில் முதலில் படித்து, அதே தோட்டத்துக்கு அதிகாரியாக வந்தவள் நான். அன்று அவர் சொன்னதில் உருப்படியான பாதுகாப்பு யோசனை அந்தத் ‘தள்ளி நில்லு’ ஒன்றுதான். அதுவும் எனக்கு மட்டும்.

சேற்றில் புதைந்த ஜீப்பை இழுக்க, அதன் முன்புறம் இருந்த இழுவை எந்திரமான வின்ச்சின் இரும்புக் கம்பியை மரத்தில் கட்டியிருந்தார். விறைத்து நின்ற கம்பிக்கு இருபுறமும் காலை வைத்து நின்றபடி மீசையை நீவினார். கம்பியில் இழைகள் பிரிந்து நின்றன.

“அறுந்தா காலு போயிரும் அண்ணாச்சி.”

“நான் நிக்கும்ப அது அறுந்திருமா மக்கா?”

அவர் கையைப் பிடித்துத் தூரமாய் இழுத்து வந்தேன். கோபத்தில், கையிலிருந்த வின்ச் ரிமோட்டை அழுத்தினார். கம்பி அறுந்து, அவர் நின்ற இடத்தை வீசிக் கடந்து, ஜீப்பின் விளக்கை நொறுக்கியது.

மறுபடி மீசையை நீவினார். “வெள்ளிக்கெழம வின்ச்சுக்குச் சந்தனம் வைக்க மறந்துட்டேன், அதான்.”

அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் விளங்கவில்லை. புதுக் கம்பி மாட்டியாயிற்று. ரிமோட்டை என் மேசையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.