டேப்பின் மறுமுனையில் அமீன் பாய்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கேட்டி என்ற ஊரில் அமீன் பாய் மாரடைப்பில் இறந்த செய்தியை நம் மின்மடல் குழுவில், அலுவலக மேசையில் தயிர்சாத டப்பாவைத் திறந்தபடி படித்தேன். அடுத்த மடலே எங்கள் முதலாளியின் அஞ்சலி: "என் அருமை நண்பர்." அதன்கீழ் இன்னொருவர்: "தங்கமான மனுஷர், வேலையில்தான் ஒரு தப்பு நடந்துபோச்சு." பாய் வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடித்தவர்கள் நீங்கள். அந்தத் தப்பு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வறண்ட பைன் காடுகளில் தரையில் கிடக்கும் சருகு, சுள்ளி, கட்டை எவ்வளவு, தீ வைத்தால் எப்படி எரியும் என்று மதிப்பிடுவது எங்கள் வேலை. அளக்கும் டேப்பைத் தரையோடு இழுத்துக் கட்டி, அதைக் குறுக்கே கடக்கும் சுள்ளிகளைப் பருமன்வாரியாக எண்ணுவோம். ஒரு முனை பாயிடம், மறுமுனை என்னிடம். பருமன் பார்க்க, இடைவெளிகள் வெட்டிய சிறு தகடு ஒன்று உண்டு. மெல்லிய குச்சி ஒரு மணி நேர வகை, அடுத்தது பத்து மணி நேரம். காய்வதற்கு ஆகும் நேரத்தை வைத்து வந்த பெயர்கள். சான்டா கிளாராவில் ஒரு தமிழ் ஓட்டலில் ஒருமுறை பாய் சாம்பாரிலிருந்து முருங்கைக்காயை எடுத்துத் தகட்டில் நுழைத்தார். "பத்து மணி நேரம் வே. சாம்பார்ல ஊறிட்டுல்லா, இன்னும் லேட்டாவும்." என் மகள், "அங்கிள் இஸ் ஸோ வியர்ட்" என்றாள். பாயின் மேலப்பாளையத்துச் சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது.

முதலாளிக்கு டேப் பிடிக்காது. "டைம் இல்ல பாய், போட்டோ மேட்ச் பண்ணி நம்பர் போடுங்க" என்பார். ஏற்கெனவே அளந்த இடங்களின் படங்களைப் பார்த்து, எதிரிலுள்ள காடு எதைப்போல் இருக்கிறதோ அதன் அளவை எழுதிவிடுவது. பல இடங்களில் அது போதும். அந்தச் சரிவில் போதாது. பல காலமாகத் தீயே படாத கிழட்டுப் பைன்களின் அடியில் ஊசிச்சருகும் பட்டைச் செதிலும் மட்கிக் குவிந்திருந்தன. படத்தில் பார்த்தால் பெருக்கிவிட்ட முற்றம். பாய் மண்டியிட்டுக் கையை விட்டார், முழங்கைவரை போனது. "போட்டோவுக்குக் கண்ணு மட்டும்தான் இருக்கு வே, கை இல்ல. மரத்தச் சுத்தி வாரிட்டுக் கொளுத்தணும். இல்லன்னா வேர் வெந்துரும்."

நாங்கள் அளந்து கொடுத்தோம். அறிக்கையில் போனது படத்தின் எண். பாய் கையெழுத்துப் போட மறுத்தார், முதலாளியே அவர் பெயரைப் போட்டார். இலையுதிர் காலத்தில் வேண்டுமென்றே வைத்த தீ முழங்கால் உயரம்கூட எழவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மரங்களின் அடியில் மட்டும் புகை நாட்கணக்கில் அடங்கவில்லை. மறு கோடையில் பெரிய மரங்கள் உச்சியிலிருந்து பழுத்துச் செத்தன. காட்டு இலாகாக்காரர்கள் யார் மதிப்பிட்டது என்று கேட்டபோது முதலாளி சொன்ன பெயர் அமீன்.

பாய்க்கு வேலை போனது. கேட்டியில் ஒரு கம்பெனி அவர் விசாவை ஏற்றுக்கொண்டது. கிரீன் கார்டுக்கு மறுபடி வரிசையின் கடைசியில் நின்றார். நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று போன் செய்தபோது கத்தினார்: "ஓய், கோட்டியா ஒமக்கு? ஒம்ம ஃபைல் அவன்ட்ட இருக்கு. கார்டு வரட்டும், அப்புறம் பேசும்." அவரது வரிசை முடிந்துவிட்டது. என்னுடையது நகரவில்லை. வேறு கம்பெனிக்கு மாறினால் நானும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தினமும் அந்த முதலாளிக்கு குட் மார்னிங் சொல்கிறேன்.

பருமன் பார்க்கும் அந்தத் தகடு, அவர் என் காரில் விட்டுப்போனது, என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. தரையைப் பார்த்தால் கையை விட்டுப் பார்க்கும் பழக்கமும் அவருடையது. இவ்விரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

இதைப் பெயர் போடாமல்தான் அனுப்பப்போகிறேன். இந்தக் குழுவில் டேப் பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவரை அடக்கம் செய்துவிட்டார்கள். எழுதியது யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். கீழே வெற்றிடம் விட்டிருக்கிறேன். பெயரை அவரே போட்டுக்கொள்ளட்டும், அமீன் பெயரைப் போட்டதுபோல.