அத்தைக்கு இருபதுக்கு இருபது

ஆறாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் நான் ஒரு பரீட்சை வைத்தேன். அதில் ஒருவர்தான் தேறினார். அவருக்கு மட்டும்தான் அந்தத் தெருவில் ஓட்டு இல்லை.

அவர் என் அத்தை. அம்மாவின் தம்பி மனைவி. மாமா இளவயதில் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனவர். அங்கே அவர் கார் ஓட்டிய வீட்டிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவள் அத்தை. இலங்கையில் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்கள். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், மாந்தோப்புகளுக்கு இடையில் இருக்கிற ஊர் அது. வீட்டில் தமிழ் பேசுவோம், பஞ்சாயத்து ஆபீசில் தெலுங்கு பேசுவோம், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து பேசுவோம். மாமா ஷேர் ஆட்டோ வாங்கி ஓட்டினார். அத்தை மாம்பழ சீசனில் கூழ் பேக்டரிக்குப் போய்ப் பழம் தரம் பிரிப்பாள். மற்ற நாட்களில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் அவள் வேறு தேசத்தவள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வரும். அன்றைக்கு மாமாவும் அவளும் ஒரு மஞ்சள் பையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டு சித்தூருக்கு பஸ் ஏறுவார்கள். இன்னும் ஒரு வருஷம் இங்கே இருந்துகொள்ளலாம் என்று முத்திரை வாங்கி வருவார்கள். ஏழு வருஷம் இப்படிப் போனபிறகு, இனி குடியுரிமைக்கே அர்ஜி கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கொடுத்தார்கள். அர்ஜியை டைப் அடித்துக் கொடுத்த ஆள், கூடவே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினான்.

"கூப்புட்டு நாட்டப் பத்தி கேள்வி கேப்பாங்கம்மா. ஒயுங்கா பதில் சொல்லணும். இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

அத்தை அன்று சாயங்காலமே என்னிடம் வந்து சமூக அறிவியல் புத்தகத்தைக் கேட்டாள். அதுவரை அந்தப் புத்தகத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே அதைத் திறந்ததில்லை. அத்தை அதற்கு அட்டை போட்டாள். பேக்டரிக்கு எடுத்துப்போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். ஒரு மாதத்தில் புத்தகம் முழுக்க மாம்பழ வாசனை ஏறிவிட்டது. ராத்திரி சமையல் முடிவதற்குள் நான் கேள்வி கேட்க வேண்டும், அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே பதில் சொல்வாள். ஜனாதிபதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், அடிப்படை உரிமைகள் எத்தனை, கவர்னரை நியமிப்பது யார், கிராம சபையில் யார் யார் உறுப்பினர். ஒன்றில்கூடத் தவறமாட்டாள். பதில் தெரிந்தாலும், "சரியா பாப்பா? புத்தகத்துல ஒருக்கா பாத்துச் சொல்லு" என்பாள்.

வாத்தியார் ஆகிவிட்ட ருசி எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே மாணவி, அவளும் எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொல்கிறாள் என்றால் வாத்தியாருக்கு என்ன வேலை? நோட்டில் இருபது கேள்விகளை எழுதிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முதலில் என் அப்பா, நைனா. நைனாவுக்கு இரண்டு மார்க். மேல்சபைக்கும் கீழ்சபைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, "மேல ஒண்ணு கீய ஒண்ணுன்னா படிக்கட்டு எந்தப் பக்கம் கீது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மாமாவுக்கு ஐந்து. குவைத்து ராஜாவின் பெயரைக் கேட்டிருந்தால் ஆறு வாங்கியிருப்பேன் என்றார். அம்மா ஒன்று. மளிகைக்கடைக்காரர் நான்கு. எங்கள் வார்டு மெம்பரை, தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்துகொண்டிருந்தபோது வழியில் நிறுத்தினேன். நல்ல மனிதர், நின்று எல்லாக் கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னார். மூன்று மார்க். கிராம சபையின் உறுப்பினர்கள் யார் என்ற கேள்விக்கு, "நானு, சர்பஞ்ச், செக்ரட்டரி" என்றார். ஓட்டு உள்ள எல்லோரும் உறுப்பினர்கள் என்று புத்தகத்தில் இருந்தது. பெரியவராயிற்றே என்று அரை மார்க் போடலாமா என யோசித்தேன். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

எல்லா மார்க்கையும் வரிசையாக எழுதி, கடைசியில் அத்தைக்கு இருபதுக்கு இருபது போட்டு, அவளிடம் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "இத யாருகிட்டயும் காட்டாத பாப்பா" என்றாள். அவளுக்குப் பெருமை பேசத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கிராம சபை நடந்தது. அம்மா போனாள், போனால் நூறு நாள் வேலைக்குப் பெயர் எழுதுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். துணைக்கு அத்தையையும் இழுத்துக்கொண்டு போனாள். அத்தை வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். "நான் அங்க உக்காரக் கூடாது அண்ணி, எனக்கு ஓட்டு இல்ல." அம்மாவுக்கு அது புரியவில்லை. "உக்காரதுக்கு எதுக்குடி ஓட்டு?" என்று கையைப் பிடித்தாள். அத்தை கடைசியில், பந்தலுக்கு வெளியே கால் இருக்கும்படி ஓரமாக உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில்.

செக்ரட்டரி தெலுங்கில் தீர்மானங்களைக் கடகடவென்று வாசித்தார். வாசித்து முடித்ததும் தீர்மானப் புத்தகத்தை ஒவ்வொருவராகக் கையெழுத்துக்கு அனுப்புவது வழக்கம். புத்தகம் அம்மாவிடம் வந்தது. பேனாவைத் திறந்தாள். அத்தை அவள் காதருகே குனிந்து, "அண்ணி, நம்ம தெருவுக்குக் குழா போட்டு முடிஞ்சிருச்சுன்னு வாசிச்சாங்க. கேட்டுட்டுப் போடுங்க" என்றாள்.

எங்கள் தெருவில் குழாய்க்காகப் பள்ளம் வெட்டி ஆறு மாதமாகியிருந்தது. பள்ளத்தில் ஆடு விழுந்திருக்கிறது, மாமாவின் ஆட்டோ விழுந்திருக்கிறது. குழாய் மட்டும் இன்னும் விழவில்லை.

அம்மா பேனாவை மூடினாள். எழுந்து நின்று, "எங்க தெருவுக்கு எங்க சாரு குழா போட்டீங்க?" என்று கேட்டாள். அம்மா அத்தனை பேர் நடுவில் பேசி நான் பார்த்ததில்லை. அவள் குரலே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். செக்ரட்டரி, வேறு ஊர் காகிதம் கலந்திருக்கும், சரி பார்க்கிறேன் என்றார். வார்டு மெம்பர்தான் மாட்டிக்கொண்டார். அவருடைய கையெழுத்து எல்லோருக்கும் மேலே, முதலாவதாக இருந்தது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாவை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார். "இந்தம்மாவுக்கு இங்க ஓட்டே கெடையாது. வேற தேசத்துல இருந்து வந்து நமக்கு சொல்லிக் குடுத்துக்கினு கீது."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"நீங்க இருபதுக்கு மூணு மார்க்கு! எங்க அத்த இருபதுக்கு இருபது!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. பஞ்சாயத்துத் தலைவர் சர்பஞ்ச்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மெம்பர் சிரிக்கவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள். நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்தார். அர்ஜி கொடுத்தவரைப் பற்றி ஊரில் விசாரித்து எழுத வேண்டுமாம். முதலில் வார்டு மெம்பரைக் கேட்டார். மெம்பர், "எனக்கு அந்தம்மாவப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, கெட்டதாகவும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்ற அந்த ஒரு வார்த்தை போதும் என்று மாமா சொன்னார். ஏழு வருஷம் ஒரே தெருவில் இருந்தவளை மெம்பருக்கே தெரியாது என்றால் மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? கான்ஸ்டபிள் அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் அத்தை புத்தகத்தைத் தொடவில்லை. பேக்டரிக்கும் போகவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. நைனா மட்டும் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "மார்க்கு போடற வேலய ஸ்கூல்ல வாத்தியாரு பாத்துக்குவாரு. நீ துன்னுட்டுப் படு" என்றார். நான் மெம்பர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "நீ போய் இன்னொரு மார்க்கு போட்டுட்டு வரதுக்கா?" என்றாள். அதன்பிறகு அவள் வீடு வீடாகப் போய்வந்தது எனக்குத் தெரியும். எதற்கென்று தெரியாது.

கான்ஸ்டபிள் மறுபடி வந்தது ஒரு காலை நேரம். பைக்கை நிறுத்துவதற்குள் எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். பாதி பேர் கையில் காலிக் குடம். அம்மா முன்னால் வந்தாள்.

"எழுதிக்கோ சாரு. நான் சொல்றேன். எனக்கு டெங்கு வந்து திருப்பதி ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஒம்போது நாள் கூட இருந்தது இவதான்."

இன்னொருத்தி தன் பெண்ணின் உதவித்தொகை அர்ஜியை அத்தைதான் நிரப்பித் தந்தாள் என்றாள். இன்னொருத்தி அத்தையின் மீன் குழம்பைப் பற்றிச் சொன்னாள். அது எழுத வேண்டியதில்லை என்று கான்ஸ்டபிள் சொன்னதற்கு, ஏன் எழுதக்கூடாது என்று சண்டைக்குப் போனாள். கடைசியில் அவர் நைனாவின் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினார். ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். போடத் தெரியாதவர்கள் விரலைக் கொடுத்தார்கள்.

அப்போது மெம்பர் வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல் நேராகக் கான்ஸ்டபிளிடம் வந்து நின்றார். அத்தை கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"நானும் போடணுமா?" என்றார். கான்ஸ்டபிள் பேனாவை நீட்டினார். மெம்பர் வாங்கவில்லை.

"மொதல்ல என்னா எழுதிக்கீறேன்னு வாசிச்சிக் காட்டு. அப்பறம் போடறேன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மெம்பரும் சிரித்துவிட்டார். கான்ஸ்டபிள் ஒன்றும் புரியாமல் முழுப்பக்கத்தையும் வாசித்துக் காட்டினார். மெம்பர் கடைசிவரை கேட்டுவிட்டு, பெரிதாகத் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னிடம், "என்னா டீச்சரம்மா, பாஸா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

காகிதம் எங்கெங்கோ சுற்றி வர ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது, நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன். நடுவில் ஒருமுறை அத்தையும் மாமாவும் சென்னைக்குப் போய் இலங்கை ஆபீசில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பிறகு சித்தூரிலிருந்து கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அம்மாவும் நானும் கூடப் போனோம். பஸ்ஸில் அத்தையை முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை கேட்டுக்கொண்டே போனேன். அவள் அன்றைக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொன்னாள், ஆனால் எல்லாம் சரி.

உள்ளே எங்களையும் விட்டார்கள். அதிகாரி ஒரு வயதான பெண்மணி. அத்தையின் பெயரைக் கேட்டார், மாமாவின் பெயரைக் கேட்டார். தெலுங்கு வருமா என்று தெலுங்கிலேயே கேட்டார், வரும் என்று அத்தை தெலுங்கிலேயே சொன்னாள். உறுதிமொழியை வாசிக்கச் சொன்னார்கள். அத்தை காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு, சென்னையில் ஓரத்தை வெட்டிவிட்டிருந்த பழைய இலங்கை பாஸ்போர்ட்டையும் அங்கே தந்த காகிதத்தையும் கேட்டார்கள். அத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தாள். சான்றிதழ் கைக்கு வந்தது. அவ்வளவுதான். நாட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜனாதிபதியைப் பற்றியாவது கேட்டிருக்கலாம்.

திரும்பும்போது அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஊர் தாண்டியதும் மாமாவின் போனை வாங்கித் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். மலைமேல் சிக்னல் கிடைப்பது கஷ்டம், மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

"அம்மா, குடுத்துட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள், கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தையின் அப்பா அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே தேயிலைக் கொழுந்து எடை போட்டு, எந்த தேசத்தையும் சேராதவர் என்று எழுதிய காகிதத்தோடு கிழவர் ஆனவர் என்பதும், அவர் சாவதற்கு முந்தைய வருஷம்தான் இலங்கை அவர்களைத் தன் ஜனங்கள் என்று ஏற்றுக்கொண்டது என்பதும், அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு பாஸ்போர்ட் வாங்கியவள் அத்தைதான் என்பதும், நான் காலேஜ் போனபிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்பதுதான். அவள் போனை வைத்ததும் தோளைத் தட்டித் திருத்தினேன்.

"குடுத்துட்டேன் இல்ல அத்த, கெடச்சிடுச்சுன்னு சொல்லணும்."

"ஆமா பாப்பா," என்றாள் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தன் பக்கம் இழுத்து அணைத்தாள். "நீ சொல்றதுதான் சரி."