அம்சவள்ளி தேடும் வீட்டுப் பெயர்கள்

ராசா தமிழ்ப்பள்ளியில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு அம்சவள்ளி ஓட்டும் பள்ளி வேன் வீட்டுப் பக்கம் திரும்பாது. நேரே மாதாகோயிலின் பின்னறைக்குப் போவார். கையைக் கழுவி, காற்றில் ஆட்டி உலர்த்திக்கொண்டுதான் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறப்பார். பக்கம் திருப்ப ஓர் ஐஸ்கிரீம் குச்சி. விரல் பட்டால் தாள் உதிர்ந்துவிடும். நெற்றியில் திருநீறோடு வந்து லத்தீன் வாசிக்கும் இந்த அம்மாளுக்குச் சாமியார் பழகிப்போய்விட்டார். லத்தீன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்தான், இறந்தாள், வளர்க்கக் கொடுத்தது என்று இருபது சொல் தேறும்.

அவர் தேடுவது வீட்டுப் பெயர்களை. ரப்பர் வெட்ட விசாகப்பட்டினப் பக்கமிருந்து வந்த தெலுங்குக் குடும்பங்கள் இந்த மலேசியத் தோட்டங்களில் நிறைய. பேரப்பிள்ளைகள் தமிழ்தான் பேசுகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு வீட்டுப் பெயர் என்று ஊரிலிருந்து கூடவே வந்தது. தோட்டத்தில் பேர் எழுதிய கிராணிகளோ அப்பன் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். மாதாகோயில் பதிவேட்டிலும் பழைய நிலவரி ரசீதிலும் தப்பித் தவறி ஒட்டிக்கொண்டிருப்பதை அம்சவள்ளி கண்டுபிடித்துச் சொல்வார்.

"காலையில புள்ளைங்கள ஏத்தி இறக்குறேன். இதுவும் அதான்லா. யாரு எந்த வீடுன்னு பாத்துக் கொண்டுபோய் விடணும்," என்பார். குலப்பெருமை தேடி வருபவர்களுக்கு வேறு பதில்: "சாதி பாக்குறவங்க வேற வேன்ல ஏறிக்குங்க."

சென்ற ஆண்டு கோல சிலாங்கூர் நாராயணசாமி அவரைத் தேடி வந்தார். மகள் தனேஸ்வரிக்கும் கெர்லிங் பையன் சரணுக்கும் திருமணப் பேச்சு. இரு வீட்டு நிலவரி ரசீதிலும் 'பொட்னூரு' என்றே இருந்தது.

"ஒரே வீட்டுப் பேரு, அக்கா. அண்ணன் தங்கச்சி மொறையாவுதுலா. எப்படிக் கட்டிக் குடுக்குறது?"

"அப்பா, நாங்க கசின்கூட கிடையாதுப்பா," என்றாள் தனேஸ்வரி. அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

பல வாரம் தேடிய பிறகு, ஜப்பான்காரன் காலத்துப் பக்கம் ஒன்றில் அம்சவள்ளியின் குச்சி நின்றது. யுத்தத்தில் அனாதையான தோட்டத்துப் பிள்ளைகளை, எந்த மதமானாலும், அப்போதைய சாமியார் இதில்தான் பதிந்து வைத்திருந்தார். நரசம்மா என்பவள் காய்ச்சலில் இறந்தாள். புருஷனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போய்விட்டார்கள். கைக்குழந்தையைப் பொட்னூரு ராமுலுவும் அவர் மனைவியும் வளர்க்க எடுத்துக்கொண்டார்கள். சரணுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா அப்பளசாமிதான் ராமுலுவின் ஒரே பிள்ளை.

நாராயணசாமிக்கு அவர் போன் செய்யவில்லை. வேனை எடுத்துக்கொண்டு கெர்லிங் போனார். வீட்டுக் கேட்டில் 'பொட்னூரு இல்லம்' என்று எழுதி வைத்திருந்த மனிதர் அப்பளசாமி. பயற்றங்கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மெதுவாகச் சொன்னார்.

கிழவர் கையிலிருந்த குச்சியைத் தரையில் வைத்தார். பிறகு, "என்னப் பெத்தவ பேரு என்னம்மா?" என்றார்.

"நரசம்மா, பெரியப்பா."

"நரசம்மா..." சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அப்பன் பேரு?"

"போடல."

கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்சவள்ளி அவர் பக்கத்தில் குந்திக்கொண்டார். "இது உங்க விஷயம் பெரியப்பா. வேணாம்னா, பதிவு ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லிட்டுப் போயிருவேன். பெரிய மனசு பண்ணச் சொல்லி நான் வரல."

"அப்ப என் பேரன் கல்யாணம்?"

"நின்னுரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்சவள்ளியின் வேனில் ஏறி அவர் கோல சிலாங்கூர் போனார். நாராயணசாமி வீட்டுக் கூடத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார்.

"நான் பொட்னூரு ரத்தமில்லீங்க. எடுத்து வளத்த புள்ள. எம் பேரனுக்கு உங்க வீட்ல பொண்ணு எடுக்கத் தடையில்ல."

சரண் திகைத்துப்போய்த் தாத்தாவைப் பார்த்தான். நாராயணசாமி எழுந்தார். ஆறிப்போன டீயை எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒரு கோப்பை ஊற்றித் தன் கையாலேயே பெரியவரிடம் கொடுத்தார். தனேஸ்வரி அப்பளசாமியின் காலில் விழுந்தாள்.

திருமணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. சொந்தம், பந்தம், பள்ளி வேன் பிள்ளைகளின் பெற்றோர் என்று நல்ல கூட்டம். தாலி கட்டும் நேரம் ஐயர் மைக்கில் கூப்பிட்டார்: "மாப்பிள்ளை வீட்டு, பொட்னூரு குடும்பத்துப் பெரியவங்க முன்னுக்கு வாங்க."

அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பளசாமி தூணோரம் நின்றுவிட்டார். சரண் மணையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். கிழவர் காலை எடுத்து வைப்பதாக இல்லை.

அம்சவள்ளி அவரிடம் போனார். மூடியிருந்த அவர் கையைப் பிரித்து, தன்னிடமிருந்த அட்சதை முழுவதையும் அதில் கொட்டி மூடினார். பிறகு அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து, மணவறைப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டார்.