மத்தியானம் மூணு மணிக்கு வந்து பாருங்க

வீட்டு புரோக்கர் தொழிலுக்குப் பெரிய முதல் எதுவும் வேணாம். ஒரு போன், ஒரு ஸ்கூட்டி, எதை எப்போ சொல்லக் கூடாதுங்கிற ஞானம், இந்த மூணு இருந்தா போதும்.

வீடு வாங்கினவங்க, வித்தவங்க, வாடகைக்கு அலைஞ்சு செருப்பு தேய்ஞ்சவங்க எல்லாருக்கும் இதைப் படிக்கிறப்போ அவங்கவங்க புரோக்கர் மூஞ்சி ஞாபகத்துக்கு வரும். பல்லைக் கடிப்பீங்க. நல்லா கடிங்க. என் பேரு ரோஸி. ராயபுரத்துல பொறந்து, ராயபுரத்துலயே வாக்கப்பட்டு, பதினெட்டு வருஷமா எண்ணூர் வரைக்கும் வீடு காட்டிக்கிட்டு இருக்கேன். பெருமையா சொல்லிக்கிற கதை நாலு என்கிட்டயும் இருக்கு. அதையெல்லாம் கல்யாண வீட்டுல பக்கத்து சேர்ல உக்காருறவங்ககிட்ட சொல்லிக்குவேன். இங்க எழுதுறது மத்தது.

மூணாவது பார்ட்னர்

வடசென்னைக்காரங்களுக்கு இது தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். மணலியில பெட்ரோல், உரம் தயாரிக்கிற கம்பெனிங்க இருக்கு. அதுக்குக் கிழக்கே கடலை ஒட்டி திருவொற்றியூர். மேற்கே மாத்தூர். விடியக்காலையில காத்து தரையிலேர்ந்து கடலைப் பாக்கப் போகும்; அப்போ கம்பெனி வாசம் மொத்தமும் திருவொற்றியூருக்கு. மத்தியானம் கடல்காத்து திரும்பிடுச்சுன்னா அதே வாசம் மாத்தூருக்கு. அதனால மாத்தூர் வீட்டைக் காலையில காட்டணும், திருவொற்றியூர் வீட்டை மத்தியானம் மூணு மணிக்குக் காட்டணும். மாடியில துணி காயப்போட்டு எடுக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரிஞ்ச விஷயம்தான். அதைத் தொழிலாக்கினது என் மூளை.

ஒருநாள் ஒரே பார்ட்டிக்கு ரெண்டு ஏரியாவும் காட்டினேன். காலையில எட்டு மணிக்கு மாத்தூர், சாப்பாடு முடிஞ்சதும் திருவொற்றியூர். அந்த மனுஷன் ரெண்டு இடத்துலயும் மூச்சை இழுத்து விட்டுட்டு, "இந்தப் பக்கம் நாத்தம்னு சும்மா கிளப்பி விட்டுருக்கானுங்க மேடம்"னு சொல்லிட்டுப் போனார். கூட வந்த துரை என்னோட கூட்டாளி. முன்னாடி ஆட்டோ ஓட்டினவன். அவனுக்குச் சிரிப்பு அடங்கலை. வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சொன்னான்: "யக்கா, நம்ம கம்பெனில நீ ஒரு பார்ட்னரு, நான் ஒரு பார்ட்னரு, மூணாவது பார்ட்னரு இந்த காத்து. அதுக்குத்தான் கமிசன் குடுக்கத் தேவையில்ல."

நடந்து போற தூரம்

எங்க பக்கம் பழைய டாக்டர் காலேஜ் ஒண்ணு இருக்கு. அதுல பாடம் எடுக்கிற டாக்டர் ஒருத்தர் பழைய காலத்து வீடுதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னார். உசரமான கூரை, மரப்படி, தேக்குக் கதவு, காலேஜ் நடந்து போற தூரம். ஹார்பர் ரோட்டை ஒட்டி அப்படியே ஒரு வீடு என் கையில இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனேன். தெருவுல ரெண்டு பசங்க கேரம் ஆடிக்கிட்டு இருந்தாங்க, ஒரு பூனை தூங்கிச்சு. "இவ்ளோ அமைதியா!"ன்னார். ஆமா சார்னேன்.

திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஹார்பர் போற கன்டெய்னர் லாரிங்க அந்த வாசல்லதான் வரிசை கட்டி நிக்கும். குடி போன பத்தாம் நாள் போன் வந்துச்சு. திட்டப் போறார்னு போனைக் காதுலேர்ந்து கொஞ்சம் தள்ளியே பிடிச்சேன். அவர் திட்டலை. படிச்ச மனுஷன் பாருங்க, குரலைக்கூட உசத்தாம சொன்னார்: "ரோஸி மேடம், நடந்து போற தூரம்னு சொன்னது ரொம்ப சரி. லாரி நிக்கிறதுல நடந்து மட்டும்தான் போக முடியுது."

சாவி ஓனர்கிட்ட இருக்கு

இதுவரைக்கும் சிரிச்சீங்கன்னா பரவாயில்ல, நானும் சிரிச்சவதான். இனிமே எழுதறதுக்குக் கை வரலை.

கவிதா வியாசர்பாடிப் பொண்ணு, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நர்ஸ். புருஷன் சேகர் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டுல வேலை பாக்கிறான். ஒரே பொண்ணு யாழினி, மூணாவது படிக்குது. பொண்ணுக்கு வீசிங். ஸ்கூல் பையில புஸ்தகத்தோட இன்ஹேலரும் போகும். அந்த ஒரே காரணத்துக்குத்தான் அவங்க வீடு தேடினாங்க. இருந்த நகையை வித்து, லோனைப் போட்டு, புள்ளைக்குக் கடல்காத்து கிடைக்கிற இடமா ஒண்ணு வாங்கிடணும். அவ்வளவுதான் ஆசை.

திருவொற்றியூர்ல மூணாவது மாடி பிளாட். பால்கனியில நின்னா கடல் தெரியும். மூணு மணிக்குக் கூட்டிட்டுப் போனேன். காத்து அடிச்ச அடியில கவிதா துப்பட்டா பறந்துச்சு. யாழினி கம்பியைப் பிடிச்சிக்கிட்டு வாயை ஆன்னு தொறந்து, "அம்மா, காத்து தானா உள்ள போவுதும்மா"ன்னு சிரிச்சா. "மணலி வாசம் இங்க வராதாக்கா?"ன்னு கவிதா கேட்டா. "அது மாத்தூர் பக்கம் போயிடும் கண்ணு"ன்னேன். பொய்யில்லையே, மூணு மணிக்கு அங்கதானே போகும்!

ஆனா அவ நர்ஸாச்சே, லேசுல விடுவாளா? "நாளைக்கு எனக்கு லீவுக்கா, காலையில ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போறேன்"னா. "காலையில முடியாதே கண்ணு, சாவி ஓனர்கிட்ட இருக்கு. வேற ஒரு பார்ட்டியும் நாளைக்கு அட்வான்ஸோட வருது"ன்னேன். அப்படி ஒரு பார்ட்டியே கிடையாது. சாவி என் கைப்பையில கிடந்துச்சு. கவிதா புள்ளையைப் பாத்தா, என்னைப் பாத்தா, அப்புறம் கேட்டா: "இங்க வந்தா என் பொண்ணு நல்லா மூச்சு வுடுவா இல்லக்கா?"

பால் காய்ச்சின அன்னிக்கு

அதுக்கு நான் தலையாட்டினேன். வாயால சொல்லலை. அது என்னமோ பெரிய நாணயம்னு ரொம்ப நாள் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

நான் எந்தப் பார்ட்டி கூப்பிட்டாலும் பால் காய்ச்சுறதுக்குப் போக மாட்டேன். ஏன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். நல்ல நேரம்னு எல்லாரும் குறிக்கிறது விடியக்காலைதான். ஆனா கவிதா நேர்ல வந்து, தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, "நீங்க வந்தாதான்கா அடுப்பே பத்த வைப்பேன்"னுட்டா. தட்ட முடியலை. ஆவணி மாசம், காலையில அஞ்சரை மணி. மாடிப்படி ஏறும்போதே என் மூக்குக்குத் தெரிஞ்சிடுச்சு. திரும்பிடலாமான்னு நின்னேன். அதுக்குள்ள சேகர் பாத்துட்டு கையைப் பிடிச்சி உள்ள கூட்டிட்டுப் போயிட்டான்.

பால் நுரை கட்டி மேல வருது. பொங்கலோ பொங்கல்னு கத்துறதுக்கு எல்லாரும் தயாரா நிக்கிறாங்க. சேகரோட அக்கா மூக்கைச் சுளிச்சா. "அய்யய்யோ, கேஸு லீக் ஆவுதுடா! அடுப்ப அணை!" அணைச்சிட்டாங்க. பொங்க வந்த பால் அப்படியே உள்ள இறங்கிடுச்சு. சேகர் டியூப்ல சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தான், சிலிண்டரைக் கழட்டி பால்கனிக்குத் தூக்கிட்டுப் போனான். வாசம் போகலை. "ஜன்னலைத் தொறங்க, கேஸு வெளிய போவட்டும்"னு யாரோ சொல்ல, எல்லா ஜன்னலையும் தொறந்தாங்க. வாசம் ரெண்டு மடங்காச்சு. ரூம்ல இருந்த அத்தனை பேர்ல விஷயம் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். வாய் நிறைய கேசரியை வச்சிக்கிட்டு மூலையில நின்னேன்.

யாழினிக்கு இழுப்பு வந்துடுச்சு. புதுப் பட்டுப் பாவாடையில தோள்பட்டை ஏறி ஏறி இறங்குது, கழுத்துக் குழி உள்ள போகுது. கவிதா பதறலை. மடியில உக்கார வச்சு இன்ஹேலரைக் குடுத்து, முதுகைத் தடவிக்கிட்டே இருந்தா. கொஞ்ச நேரத்துல புள்ளைக்கு மூச்சு சீராச்சு. கவிதா நிமிர்ந்து ஜன்னலைப் பாத்தா, அடுப்பைப் பாத்தா, கடைசியா என்னைப் பாத்தா. அவளுக்குப் புரிஞ்சிடுச்சு. சொந்தக்காரங்க முன்னாடி என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா எனக்கும் பாரம் குறைஞ்சிருக்கும். அவ மெதுவா கேட்டது இது மட்டும்தான்: "ஜன்னல மூடணுமா, தொறக்கணுமாக்கா? நீங்க சொல்லுங்க."

சண்டே வீடு

ரெண்டு மாசம் கழிச்சு கவிதா போன் பண்ணா. வீட்டை வித்துடணும், வேற புரோக்கர் யாரையும் தெரியாது, நீங்களே பாத்துக் குடுங்கன்னா. நான் ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் போனேன்; பழக்க தோஷம். பால்கனியில யாழினி ஸ்டூல் போட்டு உக்காந்து படம் வரைஞ்சிக்கிட்டு இருந்தா. நல்லா தெளிவா இருந்தா, கன்னம்கூட கொஞ்சம் பூசினாப்ல இருந்துச்சு. பரவாயில்லையே, ஒத்துக்கிச்சு போலன்னு எனக்குள்ள ஒரு சந்தோஷம். வெக்கமில்லாத மனசு எதைத்தான் பிடிச்சிக்காது!

"புள்ள தேவலாம் போலக்கீதே கண்ணு"ன்னு கேட்டும் விட்டேன். கவிதா காயவச்ச துணியை மடிச்சிக்கிட்டே, வியாசர்பாடியில இருக்கிற தங்கச்சி வீட்டுல யாழினியை விட்டிருக்கிறதா சொன்னா. ஸ்கூல், தூக்கம் எல்லாம் அங்கதான். இவ டூட்டி முடிஞ்சு அங்க போய், புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு, இங்க வந்து படுத்துக்கிறா. அப்புறம் மடிச்ச துணியைக் கட்டில்ல வச்சிட்டு சொன்னா: "சண்டே மட்டும்தான் இங்க இட்டுனு வர்றேன்கா. நீங்க வூடு காட்ன டைமுக்கு."

ஏழு மாசம்

அந்த வீட்டைப் பாக்க ஒரு இளம் ஜோடியைக் கூட்டிட்டுப் போனேன். காட்டுப்பள்ளி பக்கம் வேலை பாக்கிற பையன். பொண்டாட்டிக்கு ஏழு மாசம். நான் நேரம் எதுவும் குறிக்கலை, சத்தியமா; மூணு மணிக்கு வர்றோம்னு அவங்களேதான் சொன்னாங்க. கவிதா வீட்டைப் பளபளன்னு வச்சிருந்தா. காத்து அள்ளிக்கிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு பால்கனி கதவுகிட்ட நின்னு, மேல இருக்கிற கொக்கியைக் காட்டி, "இங்கயே தூளி கட்டிடலாங்க"ன்னா. பையன் என்கிட்ட, "பேசி முடிச்சிடலாம் மேடம்"னான்.

அந்தத் தூளி என்னை என்னமோ பண்ணிடுச்சு. "தம்பி, ஒருவாட்டி காலையில அஞ்சு மணிக்கு வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க"ன்னுட்டேன். ஏன்னு கேட்டான். சொன்னேன். மணலி, காத்து, வீசிங், ஒண்ணு விடாம சொன்னேன். பதினெட்டு வருஷமா அடைச்சு வச்சிருந்தது மொத்தமும் கொட்டிடுச்சு. அந்தப் பொண்ணு வயித்து மேல கையை வச்சிக்கிட்டு வேகமா படி இறங்கிப் போனா. அப்புறம் அவங்க போனையே எடுக்கலை. எனக்கோ கழுவி விட்டாப்ல இருந்துச்சு. பாவம் போச்சுன்னு ஒரு நிம்மதி. திரும்பிப் பாத்தா கவிதா சுவத்துல சாஞ்சு நிக்கிறா, கண்ணு செவந்திருக்கு.

"எனக்கு விக்கறப்ப வராத நேர்மை, என் வூட்ட விக்கறப்ப மட்டும் எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"ன்னு கேட்டா. எதிர்லயே தரையில உக்காந்துட்டேன். அவ உள்ள போனா, தண்ணி கொண்டாந்து என் பக்கத்துல வச்சா, அவளும் உக்காந்தா. முந்தானையில மூஞ்சியைத் துடைச்சிக்கிட்டு, என்னை முதல் தடவையா நீ வா போன்னு பேசினா: "அந்தப் பொண்ணு தூளின்னு சொன்னப்ப எனக்கும் பகீர்னுச்சுக்கா. நர்ஸு நானு, நான்தான் மொதல்ல சொல்லிருக்கணும். இந்த வூட்ட வித்துட்டா வேற எங்கனா யாழினியோட இருந்துடலாமேன்னு வாய மூடிக்கினு நின்னேன் பாத்தியா? என்னியும் உன்ன மாதிரி ஆக்கிட்டக்கா."

அந்த வீடு இன்னும் விக்கலை, லோன் கட்டுறது கவிதாதான்; பதினெட்டு வருஷத்துல நான் பேசின ஒரே உண்மைக்கும், வழக்கம்போல, என் கைவிட்டு ஒண்ணும் செலவாகலை.